ஸ்கேனரா, பழைய டாக்சி ரேடியோவா?



போன எபிசோட்ல காட்டுத்தீ, மின்வெட்டு, செல் கோபுரம்னு ஒரு மணி நேரம் பேசினோம். முடிக்கிற நேரத்துல போற போக்குல ஒரு வரி சொன்னேன்: "நல்லா கேக்கணும்னா ஸ்கேனரை விட பழைய டூ-வே ரேடியோ மேல்." அந்த ஒரு வரிக்கு வந்த மடல்கள்தான் இந்த வாரம் அதிகம். அதுல ஒண்ணு டப்ளின்ல இருந்து (கலிஃபோர்னியா டப்ளின், அயர்லாந்து இல்லீங்க). அவர் எழுதினது இது:

"அண்ணா, எங்க வீடு மலையடிவாரம். மாமனார் மாமியார் ஊர்ல இருந்து ஆறு மாசத்துக்கு வந்திருக்காங்க. ரெண்டு பேராலயும் வேகமா நடக்க முடியாது. கரன்ட் போனா ரெண்டு மணி நேரத்துல போன் சிக்னலும் போயிடுது. 600 டாலர் ஸ்கேனர் வாங்கலாமா, இல்ல நீங்க சொன்ன பழைய ரேடியோ போதுமா?"

தம்பி, உங்க தேவைக்குப் பழைய ரேடியோ போதும். போதும்னு சொல்றதை விட, அதுதான் சரி. ஏன்னு விளக்கறேன். ஆனா அதை வாங்கறதுல சில பள்ளங்கள் இருக்கு, அதையும் சொல்லணும். எபிசோட்ல அதுக்கு நேரம் இல்லை, அதனால இங்கே.

முதல்ல ஒரு விஷயம். ரேடியோ உங்க முதல் எச்சரிக்கை இல்லை. கவுண்டியோட எச்சரிக்கைச் சேவையில பதிவு பண்ணுங்க, அலமேடா கவுண்டிக்கு அது ஏசி அலர்ட். வாட்ச் ட்யூட்டி செயலியையும் வச்சுக்குங்க. அந்தச் செயலியில எழுதறவங்களும் ரேடியோவைக் கேட்டுத்தான் எழுதறாங்கங்கறது வேற விஷயம். ஆனா இதுக்கெல்லாம் போன் வேலை செய்யணும். 2019 அக்டோபர் கடைசியில, காத்துல கம்பி அறுந்து தீப்பிடிக்கும்னு பயந்து மின்சாரத்தை நிறுத்தினாங்க இல்லையா? அப்போ மாரின் கவுண்டியில பாதிக்கும் மேற்பட்ட செல் தளங்கள் அணைஞ்சு கிடந்தன. ரேடியோ அந்த மாதிரி ராத்திரிக்கு.

கலிஃபோர்னியாவுல காட்டுத்தீயை அணைக்கிற கால் ஃபயர் இன்னும் பெரும்பாலும் பழைய பாணி அனலாக் எஃப்எம்-லதான் பேசறாங்க, 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கற விஎச்எஃப் அலைவரிசைகள்ல. காரணம் எளிமையானது. பல மாநிலத்துல இருந்தும் ஊர்ல இருந்தும் வண்டிகள் வந்து சேரும், எல்லார்கிட்டயும் இருக்கற பொது மொழி அதுதான். மேடு பள்ளத்துலயும் விஎச்எஃப் ஓரளவுக்கு வளைஞ்சு போகும். ஆக, நீங்க கேக்க வேண்டியது எல்லாம் 151-லிருந்து 163 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு சின்ன சந்துக்குள்ள இருக்கு. பல துறைகள் சேர்ந்து வேலை செய்யும்போது பயன்படுத்தற 'ஒயிட்' தீயணைப்பு அலைவரிசைகள் 154.265, 154.280, 154.295. மாநிலம் முழுக்கப் பொதுவான கால்கார்ட் 156.075. வளைகுடாப் பகுதிக்கு தேசிய வானிலைச் சேவையோட ஒலிபரப்பு 162.400-ல இருபத்துநாலு மணி நேரமும் ஓடுது. ரயில் 160-161 பக்கம். கடலோரத்துல இருக்கறவங்களுக்குக் கப்பல் 156.800.

இந்தச் சந்தைக் கேக்கறதுக்கு 25-லிருந்து 512 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கற ஒரு பெட்டி எதுக்கு? கேள்வியோட மொத்த விடையும் இதுலதான் இருக்கு.

கெட்டிமேளம்

ரேடியோ வாங்கும்போது எல்லாரும் முதல்ல பாக்கற எண் உணர்திறன். எவ்வளவு மெலிசான சிக்னலைப் பிடிக்கும் என்பது. இந்தக் கணக்குல ஸ்கேனரும் வணிக ரேடியோவும் கிட்டத்தட்ட சமம். ரெண்டுமே கால் மைக்ரோவோல்ட் பக்கம்தான் போடுவாங்க. அதனாலதான் விவரப் பட்டியலை மட்டும் பாக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது.

வித்தியாசம் வேற இடத்துல இருக்கு. கல்யாணத்துல தாலி கட்டற நேரத்துல கெட்டிமேளம் கொட்டுவாங்க. அப்போ பக்கத்துல நிக்கறவர் காதுல வந்து பேசினாலும் கேக்காது. கேக்கக் கூடாதுங்கறதுதான் அதோட நோக்கமே. உங்க காதுல குறை ஒண்ணும் இல்லை. மேளச் சத்தம் காதை நிரப்பிடுச்சு, அவ்வளவுதான்.

ரேடியோவுக்கும் அப்படித்தான். நான் இருக்கறது ஃப்ரீமான்ட். மிஷன் பீக் ஏறினவங்களுக்குத் தெரியும், அதே மலைத்தொடர்ல கொஞ்சம் தள்ளி மவுண்ட் அலிசன் உச்சியில ஒரு கோபுரக் காடே நிக்குது. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் இருக்கறவங்களுக்கு சூட்ரோ டவர், கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்துல தொலைக்காட்சி, எஃப்எம் எல்லாம் சேர்த்துக் கொட்டுது. இதெல்லாம் கெட்டிமேளம். நீங்க கேக்க நினைக்கிறது மலைக்குப் பின்னால ஒரு பள்ளத்தாக்குல, கையடக்க ரேடியோவுல மூச்சு வாங்கிக்கிட்டே பேசற ஒரு தீயணைப்பு வீரரோட குரல்.

ஸ்கேனரோட முன்வாசல் அகலமா திறந்திருக்கும். திறந்திருந்தே ஆகணும், ஏன்னா விமானம், கப்பல், போலீஸ், ரயில்னு எல்லாத்தையும் கேக்கறதுதான் அதோட வேலை. அந்த வாசல் வழியா வேண்டாத பெரிய சிக்னல்களும் உள்ளே வந்துடும். வந்து சும்மா இருக்காது. ரெண்டு பெரிய சிக்னல் உள்ளே கலந்தா, இல்லாத இடத்துல ஒரு மூணாவது சிக்னல் பிறக்கும். உதாரணத்துக்கு 154-லயும் 157-லயும் ரெண்டு பலமான நிலையங்கள் இருந்தா, முதலாவதோட ரெண்டு மடங்குல இருந்து ரெண்டாவதைக் கழிச்சுப் பாருங்க: 151. நீங்க கேக்கற தீயணைப்பு அலைவரிசை சரியா அங்கேதான் இருக்கு. காத்துல அப்படி ஒரு சிக்னலே கிடையாது. உங்க பெட்டிக்குள்ளேயே பிறந்த பேய் அது. இதுக்குப் பேர் இன்டர்மாடுலேஷன்.

டாக்சிக்கும் பள்ளிப் பேருந்துக்கும் செஞ்ச விஎச்எஃப் ரேடியோ 136-லிருந்து 174 வரைக்கும் மட்டும்தான் கேக்கும். அதுக்குள்ளேயும், நீங்க எந்த அலைவரிசையில இருக்கீங்களோ அதோட சேர்ந்து நகர்ற ஃபில்டர் முன்வாசல்லயே இருக்கும். எஃப்எம் நிலையங்கள் எல்லாம் வாசப்படிலயே நின்னுடும். டிஐஏ-603னு ஒரு சோதனை விதிமுறை இருக்கு, அதன்படி அளந்த எண்களை இந்த ரேடியோக்களோட விவரத்தாள்ல போட்டிருப்பாங்க. அதுல 'இன்டர்மாடுலேஷன் ரிஜெக்‌ஷன்'ங்கற வரியைத் தேடுங்க. நல்ல வண்டி ரேடியோவுல 70 டெசிபல் அல்லது அதுக்கு மேல இருக்கும். 70 டெசிபல்னா சக்தியில ஒரு கோடி மடங்கு. நீங்க கேக்கற மெல்லிய குரலை விட ஒரு கோடி மடங்கு பலமா ரெண்டு பேர் அக்கம்பக்கத்துல கத்தினாலும் தாங்கும்னு அர்த்தம். பல ஸ்கேனர் விவரத்தாள்கள்ல இந்த வரியே இருக்காது. எனக்கு அந்த மௌனமே போதும்.

எது எதைக் கேக்கும்னு பாத்து ரேடியோ வாங்காதீங்க. எதைக் கேக்காம இருக்கும்னு பாத்து வாங்குங்க.

இது ஏதோ ஒலித்தரம் பாக்கற பித்துப் பிடிச்சவன் பேச்சுன்னு நினைக்காதீங்க. ஃப்ரீமான்ட்ல மிஷன் பீக் அடிவாரத்துல மில் க்ரீக் ரோடுன்னு ஒண்ணு. லிவர்மோருக்குத் தெற்கே மைன்ஸ் ரோடுன்னு ஒண்ணு. காகிதத்துல குழப்பமே இல்லை. கரகரன்னு வர்ற ஒலியில, அவசரத்துல ஒரு கேப்டன் சொல்லும்போது, ரெண்டும் ஒரே 'ம்ம் ரோடு'தான். ஒண்ணு என் வீட்டுக்கு மேலே, இன்னொண்ணு மலைக்கு அந்தப் பக்கம். 2020 ஆகஸ்ட்ல மின்னல் விழுந்து பிடிச்ச எஸ்சியூ லைட்னிங் காம்ப்ளெக்ஸ் தீ எங்க மலைக்குப் பின்பக்கம் பல கவுண்டிகள்ல பரவி, கிட்டத்தட்ட 4 லட்சம் ஏக்கரை எரிச்சது. அந்த மாதிரி வாரத்துல பாட்டியை எப்போ வண்டியில ஏத்தறதுங்கறது அந்த ஒரு எழுத்துல இருக்கு.

அதே மாதிரி 'ஃபார்வர்ட் ப்ராக்ரஸ் ஸ்டாப்ட்'னு ஒரு வாசகம் உண்டு. தீ முன்னேறுறது நின்னுடுச்சுன்னு அர்த்தம். அதைத் தெளிவா கேட்டா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரும். பாதி கேட்டா வராது.

குரல் ஏன் சின்னதா வருது

இன்னொரு காரணமும் இருக்கு, சுருக்கமா சொல்லிடறேன். 2013 ஜனவரி 1-க்குள்ள அமெரிக்காவுல இந்த விஎச்எஃப், யூஎச்எஃப் வணிக அலைவரிசைகள் எல்லாம் 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்துல இருந்து 12.5-க்குச் சுருங்கணும்னு எஃப்சிசி கெடு வச்சது. அகலம் பாதியானப்போ குரலோட அசைவும் 5 கிலோஹெர்ட்ஸ்ல இருந்து 2.5 ஆச்சு. அகலச் சிக்னலுக்குன்னு செஞ்ச பழைய ஸ்கேனர்ல இதைக் கேட்டா குரல் சின்னதா வரும், பக்கத்து அலைவரிசை இரைச்சல் பெரிசா வரும். வணிக ரேடியோவுல ஒவ்வொரு சேனலுக்கும் அகலமா குறுகலான்னு தனியா போட்டுக்கலாம். அதுக்கேத்த ஃபில்டரும் ஒலி அளவும் தானா மாறும்.

இதனாலேயே 1990-கள் நடுவுக்கு முந்தின ரேடியோ வேண்டாம். உருக்கு மாதிரி இருக்கும், 20 டாலருக்குக் கிடைக்கும், ஆசை காட்டும். ஆனா பெரும்பாலானதுல குறுகல் அகலமே கிடையாது.

ஒலிபெருக்கியையும் சொல்லணும். ஓடற வண்டியில, இன்ஜின் சத்தத்துக்கு மேல கேக்கணும்னு செஞ்சது இது. ஸ்கேனரோட குட்டி ஸ்பீக்கரையும் இதையும் அடுத்தடுத்து வச்சுக் கேட்டீங்கன்னா நான் எழுதின முன்பகுதி முழுக்கத் தேவையே இல்லை.

என்ன வாங்கறது

கடையில புதுசா 25 டாலருக்குக் கிடைக்கிற பாவ்ஃபெங் யூவி-5ஆர் போதாதான்னு நாலு பேர் கேட்டிருக்கீங்க. அதுக்குள்ள கிட்டத்தட்ட முழு ரேடியோவும் ஒரே சிப்புல இருக்கு, முன்வாசல்ல காவல் குறைவு. ஆள் அரவமில்லாத மலைக்காட்டுல நல்லாவே கேக்கும். கோபுரக் காட்டுக்குக் கீழே இருக்கற நமக்கு ஸ்கேனரை விட மோசமாக்கூடப் போகலாம்.

நான் சொல்ற ரகம் ரெண்டு. ஒண்ணு கென்வுட் டிகே-7180, இன்னொண்ணு மோட்டரோலா சிடிஎம்1250. ரெண்டுமே வண்டியில பொருத்தறது. கையடக்கம்தான் வேணும்னா கென்வுட் டிகே-2180, மோட்டரோலா எச்டி1250. வீட்டுல வச்சுக் கேக்கறதுக்கு வண்டி ரேடியோதான் என் ஓட்டு. ஸ்பீக்கர் பெரிசு, பழைய பேட்டரித் தொல்லை இல்லை. நான் பாத்த வரைக்கும் 50-லிருந்து 120 டாலருக்குள்ள கிடைக்குது. ஏன் இவ்வளவு மலிவு? டாக்சிகள் செயலிக்குப் போயிடுச்சு, பள்ளிகளும் கட்டுமான நிறுவனங்களும் டிஜிட்டலுக்குப் போயிடுச்சு. பரண்ல இருந்ததெல்லாம் ஈபேக்கு வந்துடுச்சு. அக்டோபர்ல சான் ரமோன்ல நடக்கற பசிஃபிகான் மாதிரி ஹாம் ரேடியோ கூட்டங்களுக்குப் போனா கையில வாங்கிப் பாத்து வாங்கலாம். நான் அதைத்தான் விரும்புவேன், பேரம் பேசற சுகமும் இருக்கு.

வாங்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியதுல முதன்மையானது பட்டை. விஎச்எஃப் வேணுங்கறவர் யூஎச்எஃப் வாங்கிட்டா அது காகிதத்துக்கு மேல வைக்கிற கல்தான், எந்த மென்பொருளும் மாத்தாது. வெளியில ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், விக்கிறவருக்கே பல சமயம் தெரியாது. கென்வுட்ல சுலபம்: எண் 7-ல ஆரம்பிச்சா விஎச்எஃப் வண்டி ரேடியோ, 8 யூஎச்எஃப். கையடக்கத்துல 2 விஎச்எஃப், 3 யூஎச்எஃப். மேலே சொன்ன மோட்டரோலாக்கள்ல பின்பக்கச் சீட்டுல நீளமா ஒரு மாடல் எண் இருக்கும். ஏஏஎம்25 அல்லது ஏஏஎச்25-னு தொடங்கும். அந்த 25-க்கு அடுத்த எழுத்து கே-ன்னா விஎச்எஃப். ஆர் அல்லது எஸ்-ன்னா யூஎச்எஃப். அந்தச் சீட்டோட படத்தைக் கேளுங்க. அனுப்ப மாட்டேன்னு சொல்றவர்கிட்ட வாங்காதீங்க. ரேடியோவுக்கு உயிர் இருக்கறப்போ, திரை எரியறப்போ எடுத்த படமும் கேளுங்க.

அடுத்து, கடவுச்சொல். பழைய முதலாளி ரேடியோவைப் பூட்டியிருக்கலாம். "புரோக்ராம் பண்ண முடியுமா, பாஸ்வேர்ட் இருக்கா"ன்னு நேராக் கேட்டுடுங்க. ஏதாவது அரசுத் துறையோட சொத்து முத்திரை ஒட்டியிருந்து, விக்கிறவருக்கு அது எப்படிக் கைக்கு வந்ததுன்னு சொல்லத் தெரியலைன்னா, விலை எவ்வளவு நல்லா இருந்தாலும் நகர்ந்துடுங்க.

உண்மையான செலவு மென்பொருள்தான்

ஸ்கேனர்ல எண்ணைத் தட்டினா கேக்கும். இதுல அப்படி இல்லை. டிரைவர் கண்டபடி அலைவரிசையை மாத்தக் கூடாதுன்னு செஞ்ச பெட்டி இது. கணினியோட இணைச்சு, அதுக்குன்னு இருக்கற மென்பொருள்லதான் சேனல்களை ஏத்த முடியும். டிகே-7180-க்கு கேபிஜி-89டி மென்பொருள், கேபிஜி-46 வகைக் கேபிள். மோட்டரோலாவுக்கு அதோட சொந்த சிபிஎஸ், அதுக்குத் தனிக் கேபிள். எல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி காலத்து ஆசாமிகள். மேக் வச்சிருக்கற நண்பர்கள் இப்பவே பெருமூச்சு விடலாம். யூஎஸ்பி கேபிள் வாங்கும்போது எஃப்டிடிஐ சிப் இருக்கறதா பாத்து வாங்குங்க. போலிச் சிப் இருக்கறதை வாங்கினா சாயங்காலம் முழுக்க 'போர்ட் கிடைக்கலை'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும்.

ஒரு தடவைதான் ஏத்தப் போறீங்கன்னா, இதையெல்லாம் வாங்காம உள்ளூர் வணிக ரேடியோ கடையில கொடுத்துடுங்க. கட்டணம் கொடுத்தா போட்டுத் தருவாங்க. ஹாம் ரேடியோ சங்கத்துல ஒரு தாத்தா கண்டிப்பா இருப்பார், காபி வாங்கிக் கொடுத்தா சந்தோஷமா பண்ணிக் கொடுப்பார். டப்ளின் தம்பிக்கு நான் சொல்றது அந்த ரெண்டாவது வழி. சங்கத்துக்குள்ள ஒரு கால் வச்ச மாதிரியும் ஆச்சு.

ஏத்தும்போது ஒண்ணை மறக்கக் கூடாது. ஒவ்வொரு சேனலையும் 'கேட்க மட்டும்'னு அமைங்க. கென்வுட்ல அனுப்பும் அலைவரிசைக் கட்டத்தைக் காலியா விடணும், மோட்டரோலாவுல அதுக்குன்னே ஒரு தேர்வு இருக்கு. மைக்கையும் கழட்டி டிராயர்ல போடுங்க. வீட்டுல குழந்தைங்க இருக்கு, பட்டன் இருந்தா அமுக்கும். தீயணைப்பு அலைவரிசையில உங்க வீட்டுக் குழந்தை "ஹலோ தாத்தா"ன்னு பேசற நாள், அங்கே ஒருத்தர் உதவி கேட்டுக்கிட்டு இருக்கற நாளா இருக்கலாம். அது சட்டப்படியும் குற்றம்.

ஸ்கேனர் மாதிரி நூறு சேனலை ஏத்தாதீங்க. இந்த ரேடியோக்கள் ரொம்ப மெதுவா ஸ்கேன் பண்ணும், இதுல ஸ்கேனர்தான் ராஜா. ஆறு, எட்டு சேனல் போதும். உங்க பகுதி கால் ஃபயர் கமாண்ட் அலைவரிசையை முன்னுரிமையா வைங்க. நம்ம கிழக்குக் கரைக்கு அது எஸ்சியூ, மார்கன் ஹில்ல இருந்து நடக்குது. வானிலையை ஸ்கேன்ல சேர்க்காம தனிச் சேனலா வைங்க. அது நிறுத்தாம பேசிக்கிட்டே இருக்கும், ஸ்கேன் அங்கேயே மாட்டிக்கும்.

பொருத்தறது

மின்சாரத்துக்கு 13.8 வோல்ட் சப்ளை. விளம்பரங்கள்ல 20, 30 ஆம்பியர்னு பயமுறுத்துவாங்க, அது பேசறவங்களுக்கு. கேக்கறதுக்கு மட்டும்னா 3 ஆம்பியரே தாராளம். மின்வெட்டுக்குன்னு ஒரு 12 வோல்ட் பேட்டரியும் பக்கத்துல இருக்கட்டும். அது இல்லைன்னா இந்த ஏற்பாட்டுக்கே அர்த்தம் இல்லை.

ஆண்டெனாதான் பாதி ரேடியோ. 154 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை ஆண்டெனா சுமார் 18 அங்குலம். காந்த அடிப்பாகத்தோட கிடைக்கும், ஒரு இரும்புத் தட்டு மேல நிக்க வைங்க. பழைய தோசைக்கல் இருந்தாலும் சரி, அம்மாகிட்ட கேட்டுட்டு எடுங்க. மச்சுல வைக்க இடம் இருந்தா ஜே-போல் இன்னும் நல்லது. நீளமான கேபிள் இழுக்கறதா இருந்தா ஆர்ஜி-58 வேண்டாம், நூறு அடிக்குள்ள சிக்னல்ல பெரும்பகுதியைக் குடிச்சுடும். எல்எம்ஆர்-400 மாதிரி தடிமனானது போடுங்க. மோட்டரோலாவோட பின்பக்க ஆண்டெனா வாய் மினி-யூஎச்எஃப், சின்னது. அதுக்கு ஒரு அடாப்டர் சேர்த்து வாங்கிடுங்க.

மோட்டரோலாவுக்கு வெளி ஸ்பீக்கர் போடறவங்க கவனம். அந்த ஸ்பீக்கர் கம்பிகள் ரெண்டுல எதுவுமே கிரவுண்ட் கிடையாது. வழக்கமா ஆடியோவுல ஒரு கம்பியைக் கிரவுண்டோட சேர்ப்போமே, அப்படிச் சேர்த்தா உள்ளே இருக்கற ஆம்ப்ளிஃபயர் போயிடும்.

ஸ்கேனரைத் தூக்கிப் போடாதீங்க

ரெண்டு இடத்துல பழைய ரேடியோவால முடியாது. ஒண்ணு விமானம். தீயணைப்பு விமானங்கள் தங்களுக்குள்ள பேசறது ஏஎம்-ல, 118-லிருந்து 137 வரைக்கும் இருக்கற விமானப் பட்டையில. வணிக ரேடியோ எஃப்எம் மட்டும்தான். அதைக் கேக்கணும்னா யூனிடன் பிசி125ஏடி மாதிரி சின்ன ஸ்கேனர் ஒண்ணு பக்கத்துல இருக்கலாம், தப்பே இல்லை.

ரெண்டாவது, நகரத்துத் தீயணைப்பும் ஆம்புலன்ஸும். வளைகுடாப் பகுதியில இதுல பெரும்பகுதி பி25 ட்ரங்க்கிங் டிஜிட்டலுக்குப் போயாச்சு. ஒரே குரல் பல கோபுரத்துல இருந்து ஒரே நேரத்துல வரும். பழைய டிஜிட்டல் ஸ்கேனர்கள் இதுல குழம்பி, குரலை நொறுக்கிக் கொடுத்தன. 2018-ல வந்த யூனிடன் எஸ்டிஎஸ்100 இதுக்குன்னே வேற மாதிரி ரிசீவரோட வந்தது, விலையும் அதுக்கேத்த மாதிரி 600 டாலருக்கு மேல. "அப்போ பழைய போலீஸ் பி25 ரேடியோ வாங்கி அதுல கேட்டா?"ன்னு கேக்கறீங்க. வேண்டாம். ட்ரங்க்கிங் ரேடியோ கேக்கறதுக்கு முன்னாடியே கட்டுப்பாட்டு நிலையத்துக்கு "நான் வந்திருக்கேன்"னு தானாச் சிக்னல் அனுப்பும். அதுக்கு அவங்க கொடுக்கற சாவியும் அடையாள எண்ணும் வேணும். அனுமதி இல்லாம அதுக்குள்ள நுழையறது விளையாட்டு இல்லை. ட்ரங்க்கிங்குக்கு ஸ்கேனர், சாதாரண அனலாக்குக்கு வணிக ரேடியோ. நிறைய போலீஸ் துறைகள் இப்போ பேச்சையே மறையாக்கிட்டாங்க, அதை எதை வாங்கினாலும் கேக்க முடியாது.

சட்டம் பற்றி வெளிநாட்டு நேயர்களும் கேட்டிருந்தீங்க. அமெரிக்காவுல மறையாக்கம் இல்லாத பொதுப் பாதுகாப்புப் பேச்சை வீட்டுல உக்காந்து கேக்கறதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கலை. நியூயார்க் மாதிரி சில மாநிலங்கள்ல வண்டிக்குள்ள போலீஸ் அலைவரிசை கேக்கற பெட்டி வைக்கறதுக்குத் தடை இருக்கு, உரிமம் வாங்கின ஹாம்களுக்கு விலக்கு உண்டு. பிரிட்டன்ல கதையே வேற. உங்களுக்குன்னு இல்லாத பேச்சைக் கேக்கறதே 2006 வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டப்படி குற்றம். லண்டன் நண்பர்கள் இந்தக் கட்டுரையைப் பொழுதுபோக்கா படிச்சுக்குங்க. லீவுக்கு ஊருக்குப் போறப்போ மாமாவுக்குக் காட்டலாம்னு பெட்டியில வச்சும் எடுத்துப் போகாதீங்க. இந்தியாவுல இது உரிமம் தேவைப்படற கருவி, விமான நிலையத்துல பதில் சொல்ற வேலை வேண்டாம்.

கேட்டதை என்ன செய்யறதுங்கறதும் முக்கியம். ரேடியோவுல வர்றது பாதி உரையாடல். "ஸ்ட்ரக்சர் த்ரெட்"னு ஒருத்தர் சொன்னா, எந்தக் கட்டடம், எவ்வளவு தூரம்னு அடுத்த பத்து நிமிஷத்துக்குத் தெரியாது. அதை அப்படியே தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவுல போட்டா, நூறு குடும்பம் ஒரே நேரத்துல ஒரே சாலையில இறங்கும், தீயணைப்பு வண்டி எதிர்ல வர முடியாம நிக்கும். கேளுங்க, உங்க வீட்டுக்கு முடிவெடுங்க. உத்தரவு வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னும் இல்லை. நடக்க முடியாத பெரியவங்க இருக்கற வீட்டுல முன்கூட்டியே கிளம்பறதுக்கு யார் அனுமதியும் வேண்டாம். காசு செலவழிச்சு வாங்கற அந்தக் கூடுதல் அரை மணி நேரம் அதுக்குத்தான்.

இன்னும் கொஞ்சம் முன்னே போகணும்னு தோணினா, டெக்னீஷியன் உரிமத் தேர்வு எழுதுங்க. 35 கேள்வி, 26 சரியா இருந்தா தேர்ச்சி. இதே டிகே-7180-ல 144-148 ஹாம் பட்டையும் வருது. அந்தச் சேனல்களுக்கு மட்டும் அனுப்பறதைத் திறந்துவிட்டா, செல்போன் செத்த ராத்திரியில நீங்க கேக்க மட்டும் இல்லை, பேசவும் முடியும். அப்போ மைக்கை டிராயர்ல இருந்து எடுக்கலாம், மின்சப்ளையையும் பெரிசா மாத்தணும்.

டப்ளின் தம்பி, வாங்கறதுக்கு முன்னாடி அந்தப் பின்பக்கச் சீட்டோட படத்தை எனக்கு அனுப்புங்க. பாத்துச் சொல்றேன்.